பிடித்துணிக்குள் இருந்த வெடிப்பு

அந்த மட்டை உடையும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எப்போது, எப்படி என்பதுதான் தெரியாது. மூன்று வாரம் தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தேன். எழுபத்தாறு வயதில் இதை எழுதுவதால் எதுவும் மாறப்போவதில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் இன்றைக்கும் அந்தக் கதையைப் பிழையாகவே சொல்கிறார்கள். பிழையான கதைக்கு வாய் திறந்து இடம் கொடுத்தவன் நான்.

யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தேன். ஒக்லாந்துக்கு வந்த பிறகு மனுரேவாவில் ஒரு பண்டகசாலையில் சாமான் எண்ணிப் பதியும் வேலை கிடைத்தது. அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் ஒரு மன்னார்க்காரர். வேலையிடத்து மாவோரி, சமோவாக்காரர்களோடு சேர்ந்து, உருண்டை மட்டையால் பந்தடிக்கும் சொஃப்ட்போல் விளையாடிய ஒரே தமிழர் அவர்தான்.

“கிரிக்கெட் எண்டால் நாள் முழுக்க வெயில் காயோணும், மாஸ்டர். இது ஒண்டரை மணித்தியாலம். வெண்டாலும் தோத்தாலும் மத்தியானச் சோத்துக்கு வீட்ட போயிடலாம்” என்பார். ஆட்டக் கணக்கு எழுத என்னையும் கூட்டிப்போவார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்வேலி ஒன்றுதான்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அந்த விளையாட்டின் பழைய மர மட்டைகளில் பைத்தியம் பிடித்தது. சனிக்கிழமைகளில் கராஜ் விற்பனை, பழைய சாமான் கடை என்று அலைந்தேன். இரண்டு அறைச் சுவர் நிறைந்தது. “இவ்வளவு கட்டையையும் அடுக்கி வைச்சு என்ன, எனக்கு இப்பவே சிதை மூட்டப் போறியளே?” என்று மனைவி கேட்பாள்.

பழைய மட்டையை மதிப்பிட ஒரு முறை இருக்கிறது. மரத்தில் சூடு வைத்த முத்திரை முழுதாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிடியில் சுற்றிய துணி முதன்முதலில் சுற்றியதுதானா, இடையில் மாற்றியதா என்று பார்க்க வேண்டும். உரசியிருந்தால், புது வார்னிஷ் பூசியிருந்தால், ஆணி ஏறியிருந்தால் அது வெறும் விறகு. கடைசியில், பிடியின் நுனியில் உள்ள குமிழை இரண்டு விரலால் தொங்கப் பிடித்து, தலைப்பக்கத்தை விரல்முட்டியால் தட்ட வேண்டும். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே வெடித்த மரம் சத்தத்தை விழுங்கிவிடும். சந்தையில் பானை வாங்குகிறவர்கள் செய்வதுதான்.

மன்னார்க்காரர் திடீரென்று இறந்துபோனார். முதலாம் ஆண்டு நினைவுப் பூசை நெருங்கியபோது அவருடைய மனைவி ஒரு மட்டையைத் துவாயில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பூசை முடிந்த கையோடு, பழைய கூட்டாளிகள் எல்லாரும் அவர் நினைவாகப் பூங்காவில் ஒரு ஆட்டம் ஆடுவதாக ஏற்பாடு. முதல் அடியை மகள் அடிக்க வேண்டும், அப்பாவின் மட்டையால்.

துவாயை விரித்ததும் மட்டையை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். மற்ற மட்டைகள் கழுத்திலிருந்து மெல்ல மெல்லப் பருக்கும். இது போத்தலைப் போலக் கழுத்து முடிந்த இடத்திலேயே சட்டென்று பருத்திருந்தது. படத்தில் மட்டும் பார்த்த வகை. அணியை விட்டுப் போன ஒரு கிழவர் அவருக்குக் கொடுத்ததாம். முத்திரையில் ஒரு கீறல் இல்லை. பழைய பிடித்துணி அப்படியே இருந்தது.

தொங்கவிட்டுத் தட்டினேன். சத்தம் வரவில்லை. மறுபடி தட்டினேன். ஈர மண்ணில் தட்டியது போல இருந்தது.

“என்ன மாஸ்டர், டொக்டர் மாதிரித் தட்டித் தட்டிப் பாக்கிறியள்? உயிர் இருக்கோ?” என்று சிரித்தார்.

நான் பிடித்துணியைப் பெருவிரலால் தடவினேன். துணிக்கு அடியில் ஓரிடத்தில் மரம் மேடும் பள்ளமுமாக இருந்தது. துணியின் விளிம்புக்கு மேலே, மயிரளவு ஒரு கோடு எட்டிப் பார்த்தது.

“பழுது ஏதும் இருந்தால் சொல்லுங்கோ. கிளென்ஃபீல்டில என்ர தம்பி தச்சு வேலை செய்யிறான். துணியைக் கழட்டிப்போட்டு, ரெண்டு ஆணி இறுக்கி, வார்னிஷும் பூசித் தருவான். கோயில்ல இருக்கிற வாங்குப் பலகை மாதிரி மினுங்கும்” என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “ஆட்டம் முடிஞ்ச பிறகு இதை நீங்களே வைச்சிருங்கோ, மாஸ்டர். வீட்டில கிடந்தால் எனக்கு அழுகைதான் வருது” என்றார்.

அவர் தம்பியின் ஆணியும் வார்னிஷும் என் கண்முன் வந்தன.

“ஒரு பழுதும் இல்லை, தங்கச்சி. ஒருத்தரும் கைவைக்காமல் இருந்தால் போதும்.”

அவ்வளவுதான் நான் செய்தது. பொய் சொல்லும்போது குரல் நடுங்கவும் இல்லை. ஒரே ஒரு அடி, அதுவும் ஒரு பெண் பிள்ளை அடிப்பது, அதற்கு மரம் தாங்கும் என்று எனக்கு நானே கணக்குச் சொன்னேன்.

அடுத்த நாளே மகள் அந்த மட்டையால் பழகத் தொடங்கினாள். இருபத்திரண்டு வயது, மனுகாவ் கல்லூரியில் படிக்கிறவள். பின்னேரங்களில் வீட்டுக்குப் பின்னால் ஒரு வலையைக் கட்டி, டெனிஸ் பந்தை அடிப்பாள். என் குசினி யன்னலுக்கு அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும். முதல் வாரம் அடியில் கொஞ்சம் கூர்மை இருந்தது. இரண்டாம் வாரம் மழுங்கியது. மூன்றாம் வாரம் ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் மெல்லிய ஒரு கறகறப்பு வந்தது. மனைவிக்கு அது கேட்கவில்லை. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு யன்னலடியில் நின்று அடிகளை எண்ணினேன். நாற்பது, ஐம்பது. நிறுத்தமாட்டாளா என்று இருந்தது. வேலிக்கு மேலால் ஒரு சொல் சொன்னால் நிறுத்துவாள் என்றும் தெரிந்தது.

ஒருநாள் போனேன். அலுமினிய மட்டை ஒன்றைக் கொண்டுபோய், “அடிக்கிறதுக்கு இது, பிள்ளை. அப்பாவின்ரயைப் படம் எடுக்க மட்டும் வைச்சிரு” என்றேன்.

“ஓ கமோன், அங்கிள்!” என்று சிரித்தாள்.

தாய் படியில் இருந்து கத்தினார்: “மாஸ்டருக்குத் தன்ர சொத்தில ஒரு கீறல் விழுந்திடுமோ எண்டு பயம், பாத்தியே!”

மூன்று பேரும் சிரித்தோம். அலுமினிய மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பூசை நாள் காற்று இல்லாத வெயில். பூங்காவில் சொசேஜ் சுட்டார்கள், ரோல்ஸ் பெட்டி கைக்குக் கை போனது. மடக்குக் கதிரைகளைக் கோட்டோரமாகப் போட்டார்கள். தாய்க்கு முன்வரிசை, மகளுடைய முகம் தெரிகிற இடம். நான் என் கதிரையை, அடிக்கிறவருக்குப் பின்னால் பந்து தடுக்கக் கட்டிய கம்பி வலைக்குப் பின்னால் போட்டேன். அந்த ஒன்றை யோசித்துத்தான் செய்தேன்.

“இஞ்சால வாங்கோ, மாஸ்டர்! பந்து கடிக்காது!”

“வெயில், தங்கச்சி.”

முதல் இரண்டு பந்துகளையும் மகள் தவறவிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். மூன்றாவதை முழு உடம்பையும் திருப்பி அடித்தாள். மட்டை கழுத்தில் முறிந்தது. தலைப்பக்கம் சுழன்றுகொண்டே போனது. அது எங்கே போகிறது என்று நான் வலைக்கு ஊடாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாய் கையை உயர்த்தக்கூட நேரம் இருக்கவில்லை. கதிரையோடு பின்னுக்குச் சரிந்தார். இடது கண்.

அம்புலன்ஸ் வரும்வரை மகள் பிடித்துண்டைக் கையில் வைத்தபடியே நின்றாள். பழைய ஆட்டக்காரர் ஒருவர் அவளுடைய தோளைத் தொட்டு, நல்ல மனதோடுதான், மர மட்டையின் முத்திரை வானத்தைப் பார்க்கப் பிடிக்க வேண்டும், முத்திரையில் பந்து பட்டால் உடையும், இது யாருக்கும் வருகிற பிழை என்று இங்கிலிஷில் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“டிட் ஐ ஹோல்ட் இட் ரோங், அங்கிள்?”

முத்திரை வானத்தைத்தான் பார்த்திருந்தது. நான் கண்டேன்.

“அப்பிடியும் இருக்கலாம், பிள்ளை.”

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. மகள் ஆட்டத்துக்கென்று வாங்கிய கையுறை, சப்பாத்து எல்லாவற்றையும் யாருக்கோ கொடுத்துவிட்டாள். தாயின் இடப்பக்கமே நடந்தாள், இடப்பக்கமே இருந்தாள், படி வரும்போதெல்லாம் ‘ஸொறி’ என்றாள். முத்திரைப் பக்கம் தெரியாமல் பிடித்துவிட்டாள் பாவம் என்று ஆட்கள் கதைத்தார்கள்.

சில நாள் கழித்துத் தாயின் தம்பி ஒரு கடைப்பையை என் வாசலில் தந்தார். “சொன்ன சொல் சொன்னதாம். அக்கா குடுத்துவிட்டவ.” உள்ளே இரண்டு துண்டுகள். அந்த நேரத்திலும் நான் முதலில் பார்த்தது முத்திரை தப்பியதா என்றுதான். தப்பியிருந்தது. அதன் பிறகே முறிவைப் பார்த்தேன். பாதி வெள்ளை, புது மரம். மற்றப் பாதி பல வருட அழுக்கு ஏறிக் கறுத்துக் கிடந்தது.

ஐந்து மாதம் அதை அலுமாரியில் வைத்திருந்தேன். ஒருநாள் வேலிக்கு அப்பால் மகள் தாய்க்கு உடுப்புக் காயப்போட்டுக் கொடுப்பதைக் கண்டேன். கொடியில் ஒரு கவ்வி தவறி விழுந்ததற்கும் ‘ஸொறி’ என்றாள். பையை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர்களுடைய குசினி மேசையில் துண்டுகளை வைத்தேன். “கறுப்பு, முந்தியே வெடிச்சிருந்தது. வெள்ளை மட்டும்தான் அண்டைக்கு முறிஞ்சது. நீங்கள் கொண்டுவந்த நாளே எனக்குத் தெரியும். துணியைக் கழட்டினால் மதிப்புப் போயிடும் எண்டு சொல்லாமல் விட்டனான். இவள் பிடிச்சதில பிழை இல்லை. அதையும் நான் கண்டனான்.”

மகள் என்னைப் பார்க்கவில்லை. கறுத்த பாதியை விரல்நுனியால் தொட்டாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

தாய் கத்துவார், எழும்பிப் போகச் சொல்வார் என்று நின்றேன். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றுவரைக்கும் இல்லை. மகள் அவருடைய இடப்பக்கம் இருந்தாள். அவளைக் காண்பதற்காக அவர் கதிரையோடு முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பி, இரண்டு கையாலும் அவளுடைய முகத்தைப் பிடித்தார்.

“கேட்டியே? நீயில்லை. நீயில்லை, பிள்ளை.”

அவர் அதையே சொல்லிக்கொண்டிருக்க, நான் கதவைத் தேடி வெளியே வந்தேன்.