லோர்ணாவின் அடோபோவுக்காகப் பிறேமனுக்கு ஒரு பயணம்

போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, நானும் என் கணவரும் ஜேர்மனியில் டோர்ட்மண்டிலிருந்து பிறேமனுக்கு ஒரு சட்டி கோழி சமைக்கப் போனோம். சிரிக்காதீர்கள். 230 கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சமைக்கக் காரணம் இருந்தது.

பிலிப்பைன்ஸ்காரி லோர்ணாவும் நானும் டோர்ட்மண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினொரு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். ஞாயிறு வேலை விழுந்தால் இல்லத்துச் சமையலறையில் அடோபோ வைப்பாள், நானும் பக்கத்தில் நிற்பேன். கோழியை வினாகிரி என்கிற புளிக்காடி, சோயா சோஸ், உள்ளிப்பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலையோடு அவிக்கிற அவர்கள் ஊர்ச் சாப்பாடு அது. பிறகு கணவர் ரமிலோடு பிறேமனுக்குக் குடிபோனாள். அங்கே போய் மூன்றாம் வருடம், திடீரென்று எங்களை விட்டுப் போய்விட்டாள்.

அவர்கள் வழக்கத்தில் ஒரு வருடம் கறுப்பு உடுத்து, ஆண்டு நிறைவன்று சமைத்துச் சாப்பிட்டுத் துக்கம் கழிப்பார்கள். ரமிலுக்கு முட்டை அவிக்கவும் தெரியாது. தொலைபேசியில் கேட்டார். (நாங்கள் பேசுவது ஜேர்மன், இங்கே எங்கள் பேச்சில் தருகிறேன்.)

"அவளின்ர அடோபோவைச் சாப்பிட்டால்தான் இந்தக் கறுப்புச் சட்டையைக் கழட்டுவன். அவள் ஒண்டும் எழுதி வைக்கேல்லை. நீங்கள்தான் பக்கத்தில நிண்டு பார்த்தனீங்கள்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? என் கணவருக்குத்தான் அதிர்ச்சி. "என்னப்பா, ஆட்டைத் திவசத்துக்குக் கோழியோ?" எங்களுக்கு ஆட்டை, அதாவது ஆண்டுத் திவசம் என்றால் மரக்கறிதான்.

"அது அவையின்ர வழக்கம். நீங்கள் பேசாமல் வாங்கோ."

காலை 7.22க்கு ரயில். முன்ஸ்ரரிலும் ஒஸ்னாபுறூக்கிலும் மாறவேண்டும். இருவரிடமும் நாடு முழுக்கச் செல்லுபடியாகும் மாதச் சீட்டு இருந்ததால் தனிச் செலவில்லை. ஆசியக் கடையில் வாங்கிய கரும்பு வினாகிரிப் போத்தலின் மூடி முன்ஸ்ரர் தாண்டியதும் இளகிவிட்டது. பெட்டி முழுக்க மணம். எதிரே இருந்த ஜேர்மன் அம்மா, "வெள்ளரிக்காய் ஊறுகாய் போடப் போகிறீர்களா?" என்று ஆசையாகக் கேட்டார். ஒஸ்னாபுறூக்கில் 25 நிமிடம் தாமதம். பிறேமனில் இறங்கும்போது 11.15. அங்கிருந்து ட்ராமில் 20 நிமிடம்.

ரமில் கறுப்புச் சட்டையோடு வாசலில் நின்றார். மெலிந்துவிட்டார், பாவம்.

12.40க்கு இரண்டு கிலோ கோழி அடுப்பில் ஏறியது. அடோபோவில் ஒரே ஒரு சட்டம்: வினாகிரி ஊற்றினால் கொதித்து அடங்கும்வரை கிண்டக் கூடாது. கிண்டினால் பச்சைப் புளிப்பு தங்கிவிடும் என்பாள் லோர்ணா. அதற்காக இரண்டு தரம் என் கையில் அடியும் போட்டிருக்கிறாள். அகப்பையைப் பிடித்த கையைச் சும்மா வைத்திருக்க எங்களுக்கு வராதே!

லோர்ணாவின் படங்களைக் காட்ட ரமில் அறைக்குள் கூப்பிட்டார். ஐந்து நிமிடம் இருக்காது. திரும்பி வந்தால், என் கணவர் சட்டிக்குள் அகப்பையை விட்டுச் சுழற்றிக்கொண்டு நிற்கிறார்.

"ஐயோ! ஆர் உங்களைக் கிண்டச் சொன்னது?"

"அடிப்பிடிக்கப் போகுதெண்டு ஒருக்காப் பிரட்டி விட்டனானப்பா."

ஒருக்காவாம்! நாற்பது நிமிடம் வற்றவிட்டுப் பார்த்தேன், சீனி போட்டுப் பார்த்தேன். புளிப்பு அசையவில்லை. வேறு கோழியும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வருடம் காத்திருந்த மனிதரின் நாளைக் கெடுத்துவிட்டோமே என்று கணவரை முறைத்தேன். அவர் சோற்றுச் சட்டியைப் பார்த்தார்.

ரமில் ஒரு வாய் வைத்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரமில்..." என்று தொடங்கினேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வழிந்தது. பாதியில் அது உண்மையான அழுகையாகவே மாறிவிட்டது.

"இதுதான்! அவள் அங்கால திரும்பினால் நான் ஒருக்காக் கிண்டிப்போடுவன். முப்பது வருசமா ஏச்சு வாங்கினனான். முப்பது வருசமா எங்கட வீட்டில இந்தப் புளிப்புத்தான்."

மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். பிறகு உள்ளே போய் மஞ்சள் பூப்போட்ட சட்டையோடு வந்தார். என் கணவரின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! டோர்ட்மண்டுக்குத் திரும்பும்வரை தானே சமைத்ததுபோல் பேசிக்கொண்டு வந்தார்.

இனி, போகிறவர்களுக்கு. சனிக்கிழமையென்றால் எட்டு மணிக்கு முன்னரே புறப்படுங்கள், பிறகு இருக்கை கிடையாது. கோழியைத் தவிர்த்து மற்றச் சாமான்களுக்கு 14 யூரோ போதும். வினாகிரியை இரண்டு பைக்குள் கட்டுங்கள். இறந்தவர் சமைத்த சாப்பாட்டை நாங்கள் சமைக்கப் போகும்போது, அவர் வீட்டில் யார் யார் அடுப்படிக்குள் வந்து போனார்கள் என்றும் கேட்டுவிட்டுப் போவது நல்லது. இது நான் படித்த பாடம்.

புறப்படுமுன் ரமில் செய்முறையை எழுதித் தரச் சொன்னார். ஜேர்மனில் ஒன்பது வரியில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு நிதானமாக வாசித்தார். பிறகு பேனாவை எடுத்து, 'கொதித்து அடங்கும்வரை கிண்டக் கூடாது' என்ற வரியை மட்டும் வெட்டிவிட்டார்.