பாயம்மாவின் வரலாறு

மாலை ஐந்தேகால் மணி. வீடு திரும்பிய நான் முதலில் பார்த்தது சிமெண்டுத் தரையில் இருந்த கால் தடங்களை. ஈர மணல் ஒட்டிய சிறிய தடங்கள். பின்வாசலில் தொடங்கி, கிணற்றடியைச் சுற்றிக்கொண்டு, சமையலறைக்குள் போயிருந்தன. திரும்பிய தடம் இல்லை. அந்த அளவுக் கால் எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் உண்டு.

உள்ளே என் மணையில் என் வகுப்புப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். குப்பத்துக் கட்டுமரக்காரர் மகள். அவளுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வருபவள் என்பதால் பின்வாசல் அவளுக்குப் பழக்கம். ஆனால் மணை வரைக்கும் வந்ததில்லை. அம்மா அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து தலை பின்னிவிட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். அடுப்பில் உலை கொதித்து மூடி ஆடியது. அம்மா எழுந்திருக்கவில்லை.

"அப்பால இன்னா ஆச்சு பாயம்மா?"

"இன்னா ஆவும்? எங்க அண்ணன் யோசிச்சிகினே நின்னான். நான்தான் மொதல்ல குதிச்சேன்."

எங்கே குதித்தாள், எதற்குக் குதித்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் அம்மா, "போயி கை கால் கழுவிகினு வா. இத சொல்லி முடிச்சிடறேன்" என்றாள். கழுவிக்கொண்டு வந்தேன். முடிந்தபாடில்லை.

இதற்கெல்லாம் காரணம் டீச்சர். மகாபலிபுரத்தில் எங்கள் ஜில்லா போர்டு ஆரம்பப் பள்ளிக்கு, நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம், செங்கல்பட்டிலிருந்து புதிதாக வந்தவர். வந்த வாரமே ஐந்தாம் வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பி, ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லச் சொன்னார். எல்லாரும் ஒரே மனிதரின் வரலாற்றைச் சொன்னோம். பாடப் புத்தகத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார். ஒருவன் மறந்து நின்ற இடத்திலிருந்து அடுத்தவன் தொடர்ந்தான். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சட்டம் போட்டார். செத்துப்போனவர்கள் வேண்டாம். ஊரில் உயிரோடு இருக்கிற ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டு, அவர் வரலாற்றைக் கையில் காகிதம் இல்லாமல் சொல்ல வேண்டும். சொந்த வீட்டு ஆட்கள் கூடாது. நன்றாகச் சொல்கிற ஒருவர், பள்ளிகளைப் பார்வையிடும் டெபுடி இன்ஸ்பெக்டர் வரும் நாளில் ஊரார் முன்னால் பேசலாம்.

அந்த ஒருவர் நான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பள்ளியிலேயே பெரிய தொண்டை என்னுடையது. கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த அத்தா பள்ளிக் கமிட்டியிலும் இருந்தார். விழாவுக்கு அவர் வருவார், முன்வரிசையில் உட்காருவார், நான் பேசுவேன். ஆகவே ஊரிலேயே உயரத்தில் வேலை பார்ப்பவரைத் தேர்ந்தெடுத்தேன். லைட் அவுஸ்காரர். அவர் பிறந்த ஊர், படித்த படிப்பு, வேலை பார்த்த துறைமுகங்கள் எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்கே மனப்பாடம் செய்தேன்.

மறுநாள் வகுப்பில் யார் யாரைப் பற்றிச் சொல்லப்போகிறோம் என்று டீச்சர் கேட்டார். ஒருவன் தபால்காரரைச் சொன்னான். ஒருவன் சிலை செதுக்குபவரைச் சொன்னான். கட்டுமரக்காரர் மகள் எழுந்து, "பாயம்மா" என்றாள்.

"எந்தப் பாயம்மா?"

அவள் விரலை என் பக்கம் நீட்டினாள். "இவ அம்மா."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். என் அம்மாவுக்கு வரலாறா? அடுப்படி, கிணற்றடி, கொடி, மறுபடி அடுப்படி. இதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? எதிரியே இல்லாத பந்தயம் என்று நினைத்தேன்.

ஆனால் அன்று மாலையே வந்து என் மணையில் உட்கார்ந்தவள், பிறகு தினமும் வந்தாள். தினமும் மணல் தடங்கள் வந்தன. பொரிவிளங்காய் உருண்டை இரண்டாகப் பங்கிடப்பட்டது. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. ஒரு நாள் பொறுக்காமல், "அவகிட்ட அப்படி இன்னாம்மா சொல்றே?" என்றேன்.

"உனுக்கு இன்னாத்துக்கு அது? நீ போயி லைட் அவுஸ படி" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு இன்னும் மோசமாக இருந்தது. போய்ப் படித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று துறைமுகங்களின் பெயர்களைக் கத்திப் படித்தேன். யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு டீச்சர் எங்களைப் பெரிய சிற்பப் பாறைக்கு அழைத்துப் போனார். தேவர்களும் முனிவர்களும் யானைகளும் நெருக்கியடித்து நிற்கிற பாறை. இவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் பேசிப் பழகினால் டெபுடி இன்ஸ்பெக்டர் ஒரு பொருட்டே இல்லை என்பது டீச்சர் கணக்கு. யானையின் காலடியில், முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியபடி தவம் செய்கிற ஒரு பூனை உண்டு. அதைச் சுற்றி எலிகள். "பூனைக்குக் கேக்கணும்" என்பார் டீச்சர். சாலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் நிற்க, அந்தப் பக்கம் பூனைக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொள்வார்.

தேர்வு நாளில் முதலில் நான். பூனைக்குக் கேட்டது. பூனையைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கும் கேட்டது என்று பின்னால் சொன்னார்கள். ஒரு துறைமுகமும் விடுபடவில்லை. பேச்சு முடிந்ததும் வகுப்பு கேள்வி கேட்க வேண்டும் என்பது டீச்சரின் இன்னொரு சட்டம். தபால்காரர் வரலாறு சொன்ன பையன் எழுந்தான்.

"லைட் அவுஸ்காரருக்கு இருட்டுன்னா பயமா?"

அதை நான் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. "அதெல்லாம் இல்ல" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

அடுத்து அவள். குரல் பூனை வரை போகவில்லை. பாதிச் சாலையைத் தாண்டியிருக்காது. டீச்சர் பூனையை விட்டுவிட்டுச் சாலையைக் கடந்து வந்தார். பையன்கள் எழுந்து கிட்டே போனார்கள். டீச்சர் அவளிடம், வீட்டில் பேசுகிற மாதிரியே பேசு என்று முன்பே சொல்லியிருந்தார் போலிருக்கிறது.

பாயம்மா பிறந்தது மதுராந்தகம். வீடு ஏரிக்கரையை ஒட்டி. ஏரி நிரம்பித் தண்ணீர் கலங்கல் சுவர் மேல் வழிகிற நாளில் அண்ணன் யோசித்துக்கொண்டு நிற்க, இந்தப் பெண்தான் முதலில் குதிப்பாள். நீந்திக் கரையேறி அண்ணனைப் பார்த்துச் சிரிப்பாள். பெரியவளானதும் ஏரிக்குப் போவது நின்றது. கல்யாணமாகிக் கூண்டு வண்டியில் இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. படுத்ததும் ஒரே இரைச்சல். ஏரி உடைப்பெடுக்கப் போகிறது என்று பயந்து எழுந்து, "கரைக்கு ஆளு போயிருக்கா?" என்று புது மாமியாரை எழுப்பிக் கேட்டிருக்கிறாள். வீடே சிரித்திருக்கிறது. அது கடல்.

இந்த இடத்தில் வகுப்பும் சிரித்தது. டீச்சர் சிரித்தார். எனக்குக் காது எரிந்தது. அது என் வீட்டில் நடந்த கதை. என்னை முந்திக்கொண்டு இவர்கள் சிரிக்கிறார்கள்.

"இன்னிக்கு கட்டுமரம் கடலுக்கு போவாதுன்னு பாயம்மா வூட்ல இருந்துகினே சொல்லும்," என்றாள் அவள். "சத்தத்த வெச்சே சொல்லிடும். எங்க நைனாவும் அதேதான் சொல்லும். ஆனா பாயம்மா இன்னும் கடல பாக்கல."

கேள்வி கேட்க யாரும் எழவில்லை. டீச்சர் அவளைத்தான் தேர்ந்தெடுத்தார்.

கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நான் தினமும் போய்க் காலை நனைத்துவிட்டு வருவேன். அம்மா போகக் கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. போகலாம் வா என்றும் யாரும் சொன்னதில்லை.

விழா நாளில் அத்தா நான் நினைத்த முன்வரிசையிலேயே உட்கார்ந்தார், டெபுடி இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில். மேடைமேல் அவள் நின்றாள். அம்மா பின்னிவிட்ட சடை. கடைசி வாக்கியத்தை அவள் சொன்னபோது நான் அத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டார். கைதட்டல் முடிந்த பிறகும் ஒரு முறை தட்டினார்.

வீட்டில் இன்றைக்கு இருக்கிறது என்று காத்திருந்தேன். ஊர் முன்னால் வீட்டு விஷயத்தைச் சொல்ல வைத்ததற்கு அம்மாவுக்குத் திட்டு விழும். பின்வாசல் அந்தப் பெண்ணுக்கு மூடப்படும். என் மணை எனக்குத் திரும்பும். அத்தா சாப்பிட்டார். கை கழுவினார். துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நீந்துவியா நீ?"

"அப்போ நீந்துவேன்," என்றாள் அம்மா.

அவ்வளவுதான். ஆனால் இரண்டு நாள் கழித்து, கடையிலிருந்து வீட்டுக்கு வராமல் அத்தா நேராகக் குப்பத்துப் பக்கம் நடந்து போவதைப் பார்த்தேன். கட்டுமரக்காரரிடம் கண்டித்துச் சொல்லத்தான் போகிறார் என்று எனக்கு உறுதியாகப் பட்டது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

கண் விழித்தபோது விடிந்திருந்தது. முன்வாசல், பின்வாசல் இரண்டும் திறந்திருந்தன. சிமெண்டுத் தரையில் மணல் ஒட்டிய கால் தடங்கள் முன்வாசலிலிருந்து கிணற்றடிக்குப் போயிருந்தன. பெரியவை இரண்டு சோடி. சிறியது ஒன்று. மரங்கள் கடலுக்குள் போனபின் கரையில் எந்தப் பக்கம் ஆள் இருக்காது என்பது குப்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். சிறிய தடத்தின் மேல் என் காலை வைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். தலைமுடி ஈரமாக முதுகில் கிடந்தது.

"என்னை ஏன் எழுப்பல?"

"நீ நல்லா தூங்கிகினு இருந்தேடீ."

கடல் எப்படி இருந்தது என்றோ, எவ்வளவு தூரம் இறங்கினாள் என்றோ கேட்க எனக்குத் தோன்றவில்லை. கட்டுமரக்காரர் மகளைக் கூட்டிப் போனார்கள், என்னைக் கூட்டிப் போகவில்லை என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. உம்மென்று பின்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

கொடியில், அம்மா வெளியே போகும்போது உடம்பு மறையப் போர்த்திக்கொள்கிற வெள்ளைத் துப்பட்டி கிடந்தது. அது நனையவில்லை. பக்கத்தில் அவள் புடவை, தலைப்பு வரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.