விரிப்பின் நடுவில் ஒரு சாக்குத் துண்டு

இன்று காலை எங்கள் முற்றத்துக் கொடியில் அந்தப் பழைய விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. மகள் இன்னும் அதில்தான் படுப்பாள். நிறமெல்லாம் வெளிறிப்போய், நடுவிலுள்ள சாக்குத் துண்டு மட்டும் அன்றுபோலவே முரடாக இருக்கிறது. அதைக் கண்டாலே எனக்கு அக்காவின் குரல் கேட்கும்.

மகளுக்குப் பிறவியிலேயே பார்வை மிகக் குறைவு. ஆறு மாதமாகியும் கைகளைப் பொத்தியபடியே இருந்தாள். எது பட்டாலும் வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். "விரலாலைதான் இவ உலகத்தைப் பாக்கப்போறா. விதவிதமான துணியளைத் தொட விடுங்கோ" என்றார் கிளினிக் தாதி. அந்தக் கை திறக்காமலே போய்விடுமோ என்ற பயத்தில் என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. கேள்விப்பட்ட அக்கா, தையல் மெசினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நல்லூரிலிருந்து வந்து இறங்கிவிட்டார்.

வெல்வெட் சட்டை, பழைய துவாய் என்று கண்ட வீடெல்லாம் கேட்டு வாங்கினார். தன் கல்யாணக் கூறைச் சீலையின் சரிகைக் கரையிலும் கத்தரிக்கோலை வைத்தார். "ஐயோ, கூறையை வெட்டாதேங்கோ மச்சாள்" என்று மனைவி பதற, "பெட்டிக்குள்ளை வைச்சுப் பூச்சிக்கோ குடுக்கிறது?" என்றார். கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்கும் நான் என் பங்குக்கு ஒரு வெங்காயச் சாக்குத் துண்டை நீட்டினேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நீ பிள்ளை பெத்தனியோ, வெங்காயம் பெத்தனியோ?" ஆனாலும் அடித்துத் துவைத்து, விரிப்பின் நட்டநடுவில் வைத்துத் தைத்தார்.

தைத்து முடிந்ததும் ஒரு வேலை செய்தார். எங்கள் வீட்டில் நல்ல துணி எதுவும் கஞ்சி போடாமல் கைக்கு வராது. அதையும் தடித்த கஞ்சியில் தோய்த்து வெயிலில் போட்டார். வெல்வெட், துவாய், சரிகை எல்லாம் ஒன்றுபோல அப்பளமாக விறைத்து நின்றன. கிடத்திய உடனே பிள்ளை கையை இழுத்துக்கொண்டு வீரிட்டாள். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா விரிப்பைச் சுருட்டிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார். நான் தண்ணீர் அள்ள அள்ள அலசினார். "இனி இந்த வீட்டிலை கஞ்சி குடிக்கிறதுக்குத்தான்!"

மறுநாள் மத்தியானம் மறுபடி கிடத்தினோம். பொத்திய கை வெல்வெட்டில் உரசி, துவாயைக் கடந்து, சாக்கில் வந்து நின்றது. ஒரு விரல் நிமிர்ந்தது. பிறகு மற்றவை. கரகரவென்று சுரண்டினாள், அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தாள், மறுபடி சுரண்டினாள். அக்கா வாசல் படலைக்கு ஓடினார். "பிடிச்சிட்டாள்! என்ரை மருமகள் சாக்கைப் பிடிச்சிட்டாள்!" வீதியில் போன ஒருவர் என்னவோ ஏதோவென்று சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்.

அந்த விரல்கள் இன்று பள்ளிக்கூடப் புத்தகத்தின் பிரெய்ல் புள்ளி எழுத்துக்களைத் தடவி உரக்க வாசிக்கின்றன. வீட்டில் இப்போது இன்னொரு கைக்குழந்தை. தம்பிக்கென்று அவளுடைய மாமி, அதுதான் என் அக்கா, இன்று கொண்டுவந்த புது விரிப்பை மகள்தான் முதலில் வாங்கினாள். ஓரத்திலிருந்து தடவத் தொடங்கினாள்.

"மாமி, கஞ்சி போடேல்லைத்தானே?"

"சத்தியமா இல்லையடி ராசாத்தி."

விரல்கள் நடுவுக்கு வந்து நின்றன. "அப்ப சாக்கு எங்கை?"

அக்கா கொடியில் ஆடும் பழைய விரிப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? சந்தைக்கு ஓடு. நல்ல வெங்காயச் சாக்காப் பாத்துக் கொண்டு வா!"