சந்தனம் பூசிய தண்ணீர்ப் பெட்டி

ராமலட்சுமி அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று பதுளையில் இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். கேட்டால் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வருகிறது. ஆமாம் ஐயா, கல்நெஞ்சுதான். அதைக் கல்லாக்கியது யார் என்று ஒருவராவது கேட்டீர்களா? நான் சொல்கிறேன், கேளுங்கள். அவர் வீட்டு மோட்டார் வண்டியை ஓட்டியவன் நான். பெயர் கந்தப்பன். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, துரையின் வண்டியைக் கழுவப் போய், பார்த்துப் பார்த்தே ஓட்டக் கற்றுக்கொண்டவன்.

அம்மா திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமான கையோடு கப்பலேறி வந்தவர். அவருடைய கணவர் சண்முகராஜா முதலாளிக்குப் பதுளைக் கடைவீதியில் அரிசி மண்டி. பெயருக்குத்தான் அவர் முதலாளி. மூட்டையிலிருந்து நாலு அரிசியை எடுத்து வாயில் போட்டு மென்று, இது பழசு, இது நனைந்து காய்ந்தது என்று சொல்வது அம்மாதான். தோட்டத்துச் சனங்களுக்கு அளக்கும்போது படியைத் தலைதட்ட விடமாட்டார். "வயித்துக்கு வாங்குறவங்க, குவிச்சே போடு" என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷிக்குக் கடவுள் ஒரு பிள்ளையைக் கொடுக்கவில்லை. அந்தக் குறையை அவர் யாரிடமும் சொல்லி அழுததில்லை. ஊரும் அதுவரை கிளறியதில்லை.

ரயில் இன்னும் பதுளைக்கு வராத காலம். எங்கள் மண்டிக்கு இரண்டு கடை தள்ளி ஜவுளிக்கடை வைத்திருந்தவர் தர்மலிங்கம். ஒரு துரையிடமிருந்து வாங்கிய பழைய வண்டியை மூன்று வருடம் ஓட்டிவிட்டு, தனக்குப் புதிதாக ஒன்று எடுத்துக்கொண்டு, பழையதை எங்கள் முதலாளி தலையில் கட்டினார். கட்டியவிதம்தான் விசேஷம். வண்டியின் முன்னால், எஞ்சின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் நிற்க, பித்தளையில் ஒரு பெட்டி உண்டு. அதன் நெற்றி முழுக்க விரற்கடை கனத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கொண்டுவந்து நிறுத்தினார்.

"முருகன் சந்நிதியில பூசை போட்டுக் கொண்டாந்திருக்கேன் தங்கச்சி. பூசினதைத் துடைச்சிராதீங்க. தானா உதிரணும்" என்றார்.

துடைப்போமா? எங்கள் சனத்தில் எந்தப் பாவியாவது சாமிக்குப் பூசியதைத் துடைப்பானா? அந்த ஆள் அதைத் தெரிந்துதானே செய்தார்! மேலும் கேளுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா தன் கையாலேயே சந்தனம் அரைத்து, பழைய பூச்சுக்கு மேலேயே புதுப்பூச்சு பூசினார்.

முதல் பயணம் மடுல்சீமைக்கு. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பசறை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டி மூச்சு வாங்கியது. இரண்டு வளைவு ஏறுவதற்குள் மூடி எகிறி ஆவி சீறியது. பட்டுப்புடவையும் நகையுமாக எல்லோரும் ரோட்டில் நின்றோம். நான் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கும் வண்டிக்கும் ஓடினேன். ஊற்ற ஊற்றக் குடித்தது. குடித்துவிட்டு மறுபடி கொதித்தது. போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடித்துப் பந்தி நடந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு அந்தச் சனியனோடு நான் பட்ட பாடு நாய் படாது. தெமோதரைக்குப் போனால் வழியெல்லாம் தண்ணீர். பண்டாரவளைக்குப் போனால் பாதியிலேயே மாட்டு வண்டிக்காரனிடம் கெஞ்சல். டயர் வெடித்து, மாற்று டயர் இல்லாமல், வைக்கோலைத் திணித்துக்கொண்டு வந்ததும் உண்டு. மோட்டார் மேஸ்திரி ஸலீம் பாஸின் பட்டறையில் வண்டி நின்ற நாட்கள்தான் அதிகம். பாஸ் நல்ல மனிதர். ரப்பர் குழாயை மாற்றினார், காற்றாடியின் பெல்ட்டை மாற்றினார், அப்பச்சோடா போட்டுக் கொதிக்கவைத்து உள்ளே இருந்த துருவையெல்லாம் கழுவினார். பெட்டியின் முகத்தில் மட்டும் கைவைக்கவில்லை.

"அது ஒங்க சாமி சமாச்சாரம் தம்பி. நான் தொட்டா ஒங்களுக்கு மனசு சங்கடம்" என்று ஒதுங்கிக்கொண்டார். நானும் தொடச் சொல்லவில்லை. ஓடி நின்றதும் அந்தச் சந்தனம் ஈரமாகிக் கசியும். சாமிக்கு வேர்க்கிறது என்று தெருவிலிருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தேங்காய்கூட உடைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஒருநாள் தர்மலிங்கத்தின் கடைவாசலில் நாலைந்து பேர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய சம்பந்தியாகப் போகிற கதிர்காமநாதனும் பண்டாரவளையிலிருந்து வந்திருந்தார். தர்மலிங்கத்தின் இளைய மகளை அவர் மகனுக்குப் பேசியிருந்தார்கள். எங்கள் வண்டி போய் நின்றது. முதலாளி இறங்கி அவர்களோடு நின்றார். அம்மா வண்டிக்குள்ளேயே இருந்தார். நான் டின்னோடு மூடியைத் திறந்துகொண்டிருந்தேன்.

"என்ன சண்முகராஜா, இன்னமும் தண்ணி குடிக்குதா?" என்று கதிர்காமநாதன் கேட்டார்.

தர்மலிங்கம் முந்திக்கொண்டார். "என்கிட்ட மூணு வருசம் பூ மாதிரி ஓடுச்சு அண்ணாச்சி. வண்டியில ஒரு குத்தமும் இல்ல. ஏறுற ஆளோட ராசின்னு ஒன்னு இருக்குல்ல? மலடி ஏறுன வண்டி மலை ஏறுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் முதலாளி சிரிக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு நின்றார். அம்மா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் கை மடியிலிருந்த முந்தானையைக் கசக்குவதை நான் கண்டேன். எனக்குக் கொதிக்கிற தண்ணீரை அப்படியே அந்த ஆள் வாயில் ஊற்றவேண்டும் போலிருந்தது.

அந்தச் சொல் கடைவீதியை விட்டுக் கோயிலுக்குப் போயிற்று. கோயிலிலிருந்து தோட்டங்களுக்குப் போயிற்று. அம்மா எதிரே வந்தால் பயணம் புறப்பட்டவர்கள் சகுனம் கெட்டதென்று நின்று, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். ஊரிலிருந்து மாமியார், கப்பலில் வந்த ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பினார்: ராசியில்லாதவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, இன்னொருத்தியைப் பார்க்கட்டுமா? முதலாளி அதற்கும் வேண்டாம் என்று பதில் அனுப்பவில்லை.

அந்த நிலையில் தர்மலிங்கத்தின் மூத்த மகளுக்கு வளைகாப்பு வந்தது. முறைக்கு அழைத்தார்கள், அம்மாவும் போனார். பெண்கள் ஒவ்வொருவராக வளையல் போட, அம்மா தட்டிலிருந்து ஒரு ஜோடியை எடுத்தாராம். தர்மலிங்கத்தின் மனைவி கையைப் பிடித்து, "நீங்க இருங்க மதினி, புள்ள பெத்தவங்க போடட்டும்" என்று வளையலை வாங்கிக்கொண்டாள். அம்மா சாப்பிடாமல் எழுந்துவந்துவிட்டார்.

வீட்டு வாசலில் இறங்கியதும், "கந்தப்பா, புளியும் தேங்காய்நாரும் எடுத்தா" என்றார். கொண்டுவந்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"பூவா வெச்சேன், சந்தனமா பூசினேன், என்னடா செஞ்ச நீ எனக்கு? இவ்வளவுக்கும் நீ கல்லு மாதிரி இருக்கிறதுக்கு ஒனக்கு எதுக்குடா பூச்சு?" என்று முருகனைத் திட்டிக்கொண்டே தேய்த்தார். அழுதுகொண்டு தேய்த்தார். ஒரு வருடத்துச் சந்தனம் ஏடு ஏடாகப் பெயர்ந்து விழுந்தது. பித்தளை பளிச்சென்று வெளுத்தது. அவர் கை நின்றது.

பெட்டியின் நெற்றியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அதன் மேல் ஈயம் பற்றவைத்து, அந்த ஈயமும் பிளந்த பழைய தழும்பு. பிளவின் இடுக்கில் மஞ்சளாக எதுவோ ஒட்டியிருந்தது. அம்மா நகத்தால் கிள்ளி மோந்து பார்த்தார். துணி துவைக்கிற சவுக்காரம். விரிசலைச் சவுக்காரத்தால் அடைத்து, அதன்மேல் சாமி பெயரைச் சொல்லிச் சந்தனத்தை அப்பியிருக்கிறான் படுபாவி!

"அம்மா, வாங்க, இப்பவே போயி அந்தாளு குடுமியப் புடிச்சு இழுத்தாந்து காட்டுவோம்" என்று நான் குதித்தேன்.

"சும்மா இரு. நான் காட்டினா, ஒரு வருசம் ஓட்டி நாமளே ஒடச்சிட்டோம்னு சொல்லுவான். மலடி ஆத்திரத்துல ஒளர்றான்னு ஊரும் சொல்லும். வண்டியில குத்தம் இருந்துச்சு, எனக்குத் தெரியும்னு அவன் வாயால வரணும். நாலு பேரு முன்னால வரணும்." அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெளிய மூச்சு விட்ட, ஒன்னைத் தொலைச்சிருவேன்."

அன்று மாலையே சந்தனம் அரைத்து, முன்னிருந்ததைவிடக் கனமாகப் பூசிவிட்டார்.

பிறகு முதலாளியிடம், ராசியில்லாத வண்டி நமக்கு எதற்கு, விற்றுவிடுங்கள் என்றார். முதலாளிக்குச் சந்தோஷம். "கதிர்காமநாதன் அண்ணாச்சிக்குக் குடுங்க. அவுங்க வீட்டுல புள்ளகுட்டி நெறைய, ராசிக்குக் குறைவில்ல" என்றார் அம்மா. கதிர்காமநாதன் அடிவிலைக்குக் கேட்டார், அம்மா சரி என்றார். வண்டியில் குற்றமில்லை என்று சம்பந்தியே நாலு பேர் முன்னால் சொன்னதைக் கேட்டவரல்லவா அவர்? நிச்சயதார்த்தத்துக்குப் பண்டாரவளையிலிருந்து மாப்பிள்ளையை அந்த வண்டியிலேயே அழைத்துவரப் போவதாக ஊரெல்லாம் சொன்னார்.

தர்மலிங்கத்துக்குத் தூக்கம் போயிற்று. நாள் சரியில்லை என்றார், பழைய வண்டி மாப்பிள்ளைக்கு மரியாதையில்லை என்றார், என் வண்டியை அனுப்புகிறேன் என்றார். சொல்லச் சொல்ல, இவர் எதற்கு இப்படித் தடுக்கிறார் என்று கதிர்காமநாதனுக்கு முறுக்கு ஏறியது. வாங்கியே தீருவேன் என்று நின்றார்.

கைமாற்றுகிற நாளில் முருகன் கோயில் வாசலுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கடைவீதியே கூடியிருந்தது. ஸலீம் பாஸும் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் தட்டில் கற்பூரம் ஏற்றினார். அம்மா முன்னால் வந்தார்.

"ஒரு நிமிசம் சாமி. தர்மலிங்கம் அண்ணாச்சி இங்க வாங்க. இந்த வண்டி ஒங்க கையிலதான் மூணு வருசம் இருந்துச்சு. வண்டியில ஒரு குத்தமும் இல்ல, குத்தமெல்லாம் இவ ராசியிலதான்னு சொன்னீங்க. அதையே இந்தக் கற்பூரத்து மேல கை வெச்சு, முருகன் முன்னால சொல்லிருங்க. கதிர்காமநாதன் அண்ணாச்சி நிம்மதியா வண்டிய எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

கற்பூரம் தொட்டுப் பொய்ச் சத்தியம் செய்தால் வம்சம் விளங்காது என்பது எங்கள் சனத்தில் எவனுக்கும் தெரியும். தர்மலிங்கத்தின் மூத்த மகளோ இன்றைக்கோ நாளைக்கோ என்று பேறுகாலத்துக்குக் காத்திருந்தாள். தர்மலிங்கத்தின் கை தட்டு வரை வந்தது. திரும்பிப் போயிற்று. மறுபடி வந்தது.

"என்ன சம்பந்தி, சொல்லுங்களேன். ரெண்டு வார்த்தைதானே?" என்றார் கதிர்காமநாதன்.

"இல்ல... அது வந்து... சின்னதா ஒரு விரிசல் இருந்துச்சு."

"எங்க?" என்று அம்மா கேட்டார். குரல் உயரவேயில்லை.

அந்த மனிதர் விரலை நீட்டினார். கனத்த சந்தனப் பூச்சின் மேல், சரியாக அந்த இடத்தில் வைத்தார். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே புரிந்தது.

"ஒங்க துண்டால தொடைங்க" என்றார் அம்மா. தர்மலிங்கம் தோளில் கிடந்த ஜரிகைத் துண்டை எடுத்துத் துடைத்தார். துடைக்கத் துடைக்க விரிசல் நீண்டுகொண்டே வந்தது. ஸலீம் பாஸ் முன்னால் வந்து குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அட அல்லாவே! இதுக்கா நான் குழாய் குழாயா மாத்துனேன்?" என்றார். யாரோ சிரித்தார்கள், பிறகு தெருவே சிரித்தது. நான் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலித்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு சுகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை.

கதிர்காமநாதன் முகம் கறுத்து, "இப்பேர்ப்பட்ட ஆளு வீட்டுலயா பொண்ணு எடுக்கணும்?" என்று திரும்பினார். அம்மா அவரை மறித்தார். "பொண்ணு என்ன செஞ்சா? இவரு குத்தத்தை அவ மேல போடாதீங்க. அது எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும்." நானாக இருந்தால் அந்தக் கல்யாணத்தையும் உடைத்திருப்பேன். அம்மா உடைக்கவில்லை. இவரைத்தான் கல்நெஞ்சுக்காரி என்கிறீர்கள்.

எங்கள் முதலாளிக்கு முகமெல்லாம் வெளிச்சம். பெரிய பாரம் இறங்கியவர்போல வந்து வண்டிக் கதவைத் தானே திறந்துவிட்டார். "ஏறு ராமலட்சுமி. இனிமே எவனும் ஒன்னைய ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்."

அம்மா ஏறவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் சொன்னப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைவீதியின் நடுவே வீட்டை நோக்கி நடந்தார். முதலாளியும் வண்டியில் ஏறவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டு, அவருக்குப் பின்னால், கூட நடக்கத் துணிவில்லாமல், சற்றுத் தள்ளியே நடந்து போனார்.