சக்கரபாணி திறந்த மதகு

வெள்ளையம்மாளுக்குத் தம்பி என்றால் உயிர். தாய் தகப்பன் போன பிறகு சக்கரபாணியை வளர்த்தவள் அவள்தான். புருஷன் இறந்து, மகள் பொன்னியோடு கீரை பயிரிட்டுப் பிழைத்த காலத்திலும் அவனை அவள் கைவிடவில்லை.

எழுபத்தெட்டில், திருவண்ணாமலைச் சாக்கடைத் தண்ணீரைத் தெளியவைக்க நகராட்சியார் அவள் நிலத்துக்கு மேற்கே இரண்டு குட்டைகள் வெட்டினார்கள். முதல் குட்டையில் அழுக்கு அடியில் தங்கும். இரண்டாவதில் வெயில் பட்டுத் தெளிந்த பிறகு, தண்ணீர் குழாய் வழியாகக் கிழக்கே மாட்டுப்புல் வயலுக்குப் போகும். அந்தக் குழாயை அவள் கிணற்றோரமாகத்தான் பதிக்க வேண்டியிருந்தது. முடியாது என்றுதான் முதலில் சொன்னாள்.

"அக்கா, நீ ஒத்துக்கினா மதகு பாக்குற வேலையை எனக்குத் தரேன்றாங்க. தெளிஞ்ச தண்ணிதான் வரும். நான்தானே தொறக்கப் போறேன், என்னை நம்ப மாட்டியா?" என்றான் சக்கரபாணி.

நம்பினாள். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. பிறகு புல் வயல்காரர் அருணகிரி தம் மகளை அவனுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். வெள்ளையம்மாள் பூரித்துப்போனாள். குட்டைப் பக்கம் நாற்றம் ஏறியபோதுகூட, "கோடைல அப்படித்தான்கா" என்று அவன் சொன்னதை ஏற்றுக்கொண்டாள்.

அந்தக் கோடையில்தான் பொன்னிக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லிக்குக் கேட்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாள்.

"எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"எங்க கெணத்துத் தண்ணிதாங்க."

சொன்ன வாய் மூடுவதற்குள் அவளுக்கு உறைத்தது. சில மாதங்களாகத் தம்பி அவள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சொம்பை நீட்டினால், "இப்பதான் டீ குடிச்சேன்கா" என்று தள்ளிவிடுவான். புது மாப்பிள்ளை மிடுக்கு என்று அவள் கேலி செய்திருந்தாள்.

மறுநாள் காலையில் குட்டைக்குப் போனாள். இரண்டாவது குட்டை காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. முதல் குட்டையில், இரண்டாவதைத் தூர் வாரும்போது மட்டும் திறக்க வேண்டிய மதகு திறந்து கிடந்தது. கரிய தண்ணீர் நுரைத்துக்கொண்டு நேராகக் குழாயில் இறங்கியது. பக்கத்தில் சக்கரபாணி நின்றிருந்தான்.

"மாமாதான் கேட்டாரு. இந்தத் தண்ணி பாய்ச்சினா புல்லு ஜாஸ்தி வருதாம்" என்றான்.

"கொழா கசிஞ்சி கெணத்துல ஊறும்னு தெரியுமா ஒனக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரிஞ்சுதான் நீ குடிக்கல. பொன்னி குடிக்கிறத மட்டும் பாத்துக்கினு இருந்தியேடா!"

"கொஞ்சம்தான் கசியும்னு நெனச்சேன்கா. கல்யாணம் முடிஞ்சதும் நிறுத்திடலாம்னு…"

அவனை அடிக்கக்கூட அவளுக்குக் கை எழவில்லை. வீட்டுக்கு வந்து கடப்பாரையை எடுத்தாள். தன் நிலத்தின் எல்லையில் தோண்டிக் குழாயை உடைத்து, களிமண் அடைத்தாள். கீரை முழுவதையும் பிடுங்கி எரித்தாள். வாடிக்கைக்காரர்கள் கேட்டபோது, கிணறு கெட்டுவிட்டது என்று மட்டும் சொன்னாள். தம்பி பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

பொன்னி பிழைத்துக்கொண்டாள். சக்கரபாணிக்கு வேலையும் போகவில்லை. குழாயை வேறு பக்கமாகச் சுற்றிப் பதித்துக்கொண்டார்கள். ஆவணியில் தாம்பூலத் தட்டோடு வந்து வாசலில் நின்றான்.

"நாத்தனார் முடிச்சு நீதான்கா போடணும்."

"போயிடு" என்றாள். கல்யாணத்துக்கும் போகவில்லை.

பிறகு அந்த நிலத்தில் கனகாம்பரம் போட்டாள். குடிதண்ணீருக்குத் தெருக்குழாய் வரை நடந்தாள். வழியில் அவளைக் கண்டால் சக்கரபாணி சைக்கிளை விட்டு இறங்கி நிற்பான். அவள் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவாள்.