ஆற்றுவாழையன் எழுதாத கதை

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, ஓகஸ்ட் விடுமுறையில், உலகத்திலேயே இல்லாத மூன்று புத்தகங்களை நான் படித்து முடித்தேன். முதல் இரண்டும் ஒரு தொல்லையும் தரவில்லை. மூன்றாவதுதான் என்னை விடவில்லை.

மட்டக்களப்புக்குத் தெற்கே, செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வேலி தள்ளி ஒரு சின்ன நூலகம் இருந்தது. அந்த வருடம் புதிதாக வந்திருந்த நூலக மிஸ் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்புப் போட்டி வைத்தார். கிழிந்த மீன்வலை ஒன்றைச் சுவரில் விரித்துக் கட்டினார். ஒரு புத்தகம் படித்தால் அதன் பெயரையும் எழுதியவர் பெயரையும் கடதாசி மீனில் எழுதி வலையில் மாட்டலாம். கதையைச் சொந்த வசனத்தில் அரைப்பக்கம் எழுதிப் பலகையில் குத்தவும் வேண்டும். அதிக மீன் பிடித்தவருக்குக் கடைசி நாளில் ஒரு பை நிறையக் கதைப்புத்தகம். அதோடு, தனக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றி எல்லோர் முன்னாலும் மைக்கில் பேசலாம். நூலகத்தில் இருந்ததோ இரண்டே தட்டுச் சிறுவர் புத்தகம். ஆகவே வீட்டில் உள்ள புத்தகங்களும் சேரும் என்று மிஸ் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். என் வீழ்ச்சி அந்தப் பெருந்தன்மையில்தான் தொடங்கியது.

குருக்கள்மடத்திலிருந்து என் மச்சாள், அதாவது மாமாவின் மகள், தினமும் காலையில் சைக்கிளில் வருவாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். பெண்பிள்ளைகள் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். சிரிப்பு வரும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிரித்து முடித்த பிறகுதான் மேலே படிப்பாள். அவளை எப்படியாவது முந்தவேண்டும் என்பது என் ஆசை. முதல் கிழமை, ஏழு நாளும், இருவரும் சமமாகத்தான் இருந்தோம். அந்த நேரம் பார்த்து எங்கள் சிறுபோக நெல் வேளாண்மை விளைந்துவிட்டது.

வயல் இருந்தது, நாங்கள் ஆறு என்றும் சொல்லும் வாவிக்கு அக்கரையில். கதிர் வெட்டு முடியும்வரை அப்பாவும் அம்மாவும் வட்டையில், அதாவது வயல்வெளியில், குடில்போல் வாடியடித்துத் தங்குவார்கள். என்னையும் கூட்டிப் போனார்கள். எட்டு நாள். அங்கே அச்சடித்த எழுத்தென்று இருந்தது யூரியாப் பசளைப் பை ஒன்றுதான். அதை இரண்டு பக்கமும் படித்தேன். மற்ற நேரத்தில் ஓர் எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தினமும் பின்னேரம் தண்ணீரின் ஓரத்துக்கு இறங்கி வந்து, எங்கள் ஊர்ப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

திரும்பி வந்தபோது வலையில் மச்சாளின் மீன் பத்தொன்பது, என்னுடையது பதினொன்று.

அன்றைக்கே மூன்று மீன் மாட்டினேன். வட்டையில் இருந்த நாட்களில் வீட்டுப் புத்தகங்களைப் படித்தேன் என்றேன். மிஸ் நம்பினார். மூன்றாவதுக்கு ‘வாவியைக் கடந்த எருமை’ என்று பெயர் வைத்தேன். எழுதியவர் பெயர் சட்டென்று வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே தண்ணீரை மூடிக்கொண்டு ஆற்றுவாழை ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. எழுத்தாளர் ஆற்றுவாழையன் ஆனார். அரைப்பக்கத்தை எழுதிக் குத்திவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

மறுநாள் மச்சாள் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“மச்சாள், இந்த எருமைப் புத்தகத்த எனக்குத் தாகா. அது நடு ஆத்தில களைச்சிப் போகிற இடத்தோட நிப்பாட்டித்தாய். பிறகு என்ன நடந்த?”

பிறகு என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. “வட்டையில ஒரு புள்ளைக்குக் குடுத்திட்டன்” என்றேன்.

“அப்ப எங்க வாங்கின?”

“டவுனில.”

இந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மாமா ஆட்டோ வைத்திருந்தார். கிழமையில் இரண்டு தரமாவது மட்டக்களப்புக்குப் போவார். மச்சாள் புத்தகத்தின் பெயரையும் ஆற்றுவாழையனின் பெயரையும் கடதாசித் துண்டில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தாள். அன்று பகல் முழுவதும், டவுனில் உள்ள புத்தகக் கடைகள் எல்லாம் பூட்டியிருக்கவேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் மாமா எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தினார். மச்சாளும் அங்கேதான் இருந்தாள். எங்கள் இருவருக்கும் பேக்கரியில் வாங்கிய பணிஸ் ஆளுக்கொன்று தந்தார்.

“புத்தகம் முடிஞ்சித்தாம் மனே. சரியான ஓட்டமாம். அடுத்த மாசம் வருமாம்.”

மாமா அன்று எந்தப் புத்தகக் கடைக்கும் போகவில்லை. டயருக்கு ஒட்டுப்போடும் கடையில் இருந்த தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துவிட்டு, துண்டையும் தொலைத்துவிட்டு வந்தார். இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு. அன்று நான் அவரை முழுதாக நம்பினேன். அப்படியென்றால் ஆற்றுவாழையன் எங்கேயோ உயிரோடு இருக்கிறார்! அவருடைய புத்தகம் அடுத்த மாதம் லொறியில் வந்து இறங்கப்போகிறது. அதில் எருமை வேறு விதமாகக் கரை சேர்ந்திருந்தால் என் கதி என்ன? அதற்கு முன்னால் மச்சாளின் வாயை அடைத்துவிட வேண்டும்.

வட்டைப் பிள்ளையிடமிருந்து புத்தகம் திரும்பி வந்துவிட்டது, ஆனால் அப்பா உடனே வேறு யாருக்கோ கொடுக்கப் போகிறார், ஆகவே பார்த்து எழுதித் தருகிறேன் என்று மச்சாளிடம் சொன்னேன். புதுக் கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எருமையைத் தண்ணீரில் இறக்குவது சுலபமாக இருந்தது. நடு வாவியில் அது களைத்துப்போனதும் நானும் களைத்துப்போனேன். ஒரு நாள் அதை முக்கிவிட்டேன். எழுதிவிட்டு எனக்கே அழுகை வந்தது. அடுத்த நாள் கரையேற்றினேன். கரையில் என்ன செய்வதென்று அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நாலாம் நாள் அது இறால் வலை கட்டும் கம்பில் தாடையைச் சாய்த்து மூச்சு வாங்கி, வந்த பக்கமே திரும்பி நீந்திப்போய்த் தன் கன்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. எழுதி முடித்தபோது எனக்கு நல்ல பசி. பாண் ரொட்டி ஒன்றை முழுதாகத் தின்றேன். மறுநாள் கொப்பியை அப்படியே மச்சாளிடம் கொடுத்தேன்.

அந்த நாலு நாளும் நான் ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை. விடுமுறை முடிந்தபோது மச்சாளுக்கு முப்பத்தொன்று, எனக்கு இருபத்தொன்பது. அதிலும் மூன்று பொய் மீன்.

கடைசி நாள் நூலக முற்றத்தில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கியிருந்தார்கள். மச்சாள் மைக்கைப் பிடித்தாள். முப்பத்தொரு புத்தகத்தில் அவளுக்குப் பிடித்தது ‘வாவியைக் கடந்த எருமை’ என்றாள். அவள் நிதானமாகக் கதையைச் சொன்னாள். கம்பில் தாடையைச் சாய்த்த இடத்தில் அவள் குரல் இறங்கியது. பின்வரிசையில் ஐஸ்பழம் உறிஞ்சிக்கொண்டிருந்த பொடியன்கள்கூட உறிஞ்சுவதை நிறுத்தினார்கள். பக்கத்தில் இருந்த அப்பா, புத்தகம் என்றாலே கொட்டாவி விடுகிறவர், குனிந்து என் காதில் கேட்டார்: “கரை சேர்ந்திச்சா, இல்லியா?”

“பொறுங்க அப்பா, சொல்லுவா” என்றேன்.

“இதை எழுதினவர் ஆற்றுவாழையன். என்னைக் கேட்டால், அவர் கெட்டிக்காரர்” என்று மச்சாள் முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் புத்தகத்தை நூலகத்துக்குக் கட்டாயம் வாங்கவேண்டும் என்று மிஸ் குறித்துக்கொண்டார். எழுந்து நின்று, அது நான்தான் என்று கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினால் மூன்று மீனும் வலையிலிருந்து கீழே விழும். ஊர் முழுக்கக் கைதட்ட, இல்லாத ஒரு மனிதர்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு நானும் கைதட்டினேன்.

அன்று மாமா வீட்டுக்குப் போகும்போது மச்சாள் என்னைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டாள். அவளுடைய பரிசுப் பை என் மடியில் இருந்தது. கொஞ்சத் தூரம் போனபிறகு, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

“ஏன்கா மச்சாள், அந்த ஆற்றுவாழையன் வேற கதை ஒண்டும் எழுதல்லியா?”

“எழுதியிருக்காரு. இன்னும் ஒண்டு கிடக்கு.”

“அதையும் பாத்து எழுதித் தருவியா?”

“ஓம். வாற கிழமை.”

அவளுடைய தோள்கள் குலுங்கின. சைக்கிள் ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது. பாதையில் பள்ளம் என்று நினைத்து, அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு கிழமைக்குள் என்ன கதை எழுதுவது என்பதுதான் என் கவலையாக இருந்தது. புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறவள் எருமைக் கன்றின் பெயரை நடுவழியில் மாற்றமாட்டாள், முடிவை மூன்று தரம் வெட்டி வெட்டி எழுதமாட்டாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.