கடலுக்குள் மூச்சுவிட ஆன செலவு

சங்கு குளிப்பவனுக்கு நெஞ்சுக்கூடுதான் முதல். முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி இறங்க ஆசைப்பட்டவனோ கண்டவனுக்கெல்லாம் தண்டம் அழ வேண்டும். எழுபதுகளில் தூத்துக்குடிப் புதுத் துறைமுக வேலைக்கு ஒரு காண்டிராக்டர் டைவர் தேடினார். தளவாடம் சொந்தமாக இருந்தால் மாதச் சம்பளம் என்றார். வருஷத்தில் பாதி நாள் கடல் கலங்கி, சங்கும் இல்லாமல் கஞ்சியும் இல்லாமல் கிடக்கிறவன் நான். மனைவி ஞானம்மாள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். முதல் சம்பளத்தில் மீட்டுத் தருவதாகச் சொல்லி அடகு வைத்தேன். கைப்பொருளைப் போட்டுத் தொழில் தொடங்கி நொந்தவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

கண்ணாடி

கப்பல்காரர்களிடம் வாங்கி விற்கும் கடையில், பழைய சிலிண்டரும் முகத்தில் மாட்டும் கண்ணாடியும் வாங்கினேன். கண்ணாடிக்குக் கடைக்காரர் சொன்ன விலையில் வள்ளத்துக்குப் புதுப் பாயே தைத்திருக்கலாம். தண்ணீரில் இறங்கியதும் மூக்குப் பக்கம் குபுகுபுவென்று உப்புத்தண்ணீர்! அதே ஈரத்தோடு கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கடைக்கார அண்ணாச்சி கண்ணாடியைத் தொடவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

"ரப்பர்ல ஒரு கொறையும் இல்ல வே. மீசை நடுவுல நிக்கி, தண்ணி வராம என்ன செய்யும்? செரைச்சிட்டு வாரும்."

காற்று

மழித்த முகத்தோடு சிலிண்டருக்குக் காற்று அடிக்கப் போனேன். அதற்கான மெஷின் ஓர் அரசு ஆபீஸில் மட்டும்தான் இருந்தது. காசு தருகிறேன் என்றாலும் முடியாதாம். கடல்காற்று ஜன்னல் வழியே வந்து அங்கிருந்த ஆபீசரின் மேஜைக் காகிதங்களையெல்லாம் பறக்கடித்துக்கொண்டிருந்தது. காற்றுக்கா சார் பஞ்சம் என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

"வெளிய வீசுறது உம்ம காத்து. மெஷினுக்குள்ள வந்துட்டா அது டிபார்ட்மெண்ட் காத்து."

கயிறு

கொச்சிக்கு லாரியில் அனுப்பிக் காற்று நிரப்பியதில் மிச்சக் காசும் போயிற்று. அடுத்து வந்தான் மச்சான் மிக்கேல், ஞானம்மாளின் தம்பி. எங்கள் கரையில் சங்கு குளிப்பவன் இடுப்புக் கயிற்றை வள்ளத்திலிருந்து மச்சான்தான் பிடிப்பான். அக்கா தாலி அவன் கையில் இருப்பதால் கண் அசரமாட்டான் என்று கணக்கு. அதற்கு அவனுக்குப் பங்கும் உண்டு. சிலிண்டர் கட்டினால் கயிறு எதற்கடா, பங்கு எதற்கடா என்று கேட்டேன். கோபம் வந்ததே அவனுக்கு!

"வேணுமா வேண்டாமாங்கது ஒம்ம பாடு மச்சான். எங்க அக்கா தாலிக்கு நான் காவல். கயித்தக் கட்டும், பங்க எடுத்து வையும்."

பரீட்சை

துறைமுகத்தில் காண்டிராக்டரின் இஞ்சினியர் ஓர் இரும்புக் கொக்கியைக் கடலில் போட்டு, எடுத்துவரச் சொன்னார். கயிறு மிக்கேல் கையில். கொஞ்ச ஆழம் போவதற்குள் மேலே இழுத்துவிட்டான். மறுபடி இறங்கினேன், மறுபடி இழுத்தான். மூச்சடக்கிக் குளிப்பவனிடமிருந்து குமிழி வந்தால் ஆள் தத்தளிக்கிறான் என்று அர்த்தம். சிலிண்டர் கட்டியவனுக்கோ மூச்சுக்கு மூச்சு குமிழி வரும். எத்தனை சொன்னாலும் அந்தப் பாவியின் கை கேட்கவில்லை.

ஆத்திரத்தில் சிலிண்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, மூச்சைப் பிடித்து முங்கி, கொக்கியை எடுத்து இஞ்சினியர் காலடியில் போட்டேன். பிரமாதம் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சிலிண்டர் இல்லாமலே எடுக்கீரே! பெறவு டைவர் சம்பளம் எதுக்கு? நாளையிலருந்து நாள்கூலிக்கு வாரும்."

ஞானம்மாள் சங்கிலி அடகுக் கடையிலேயே மூழ்கிப்போக, போட்ட முதலில் எனக்குத் திரும்பி வந்தது மீசை ஒன்றுதான்.